காரையாறு ரோட்டில் ஹீத்கிளிஃப்

நெல்லைப் பயணத்தைப் பற்றி பஸ் நேரம், தங்குமிடம், செலவு என்று ஒழுங்காக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் பாபநாசத்து கார்காரர் மேல் இருக்கிற கடுப்பு இன்னும் இறங்கவில்லை. காரையாறு ரோட்டில் இருக்கிற சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போக 1,500 ரூபாய் கேட்டார். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான் இருக்கும். ஏன் இவ்வளவு என்றால், "காட்டு ரோடு அண்ணாச்சி, டயரு தேஞ்சிரும்லா" என்கிறார். அவர் கேட்டது மொத்தப் பயணத்துக்கும் நான் ஒதுக்கியதில் பாதி. டயரோடு சேர்த்து என்னையும் தேய்க்கப் பார்க்கிறார் என்று புரிந்ததும் கும்பிடு போட்டுவிட்டு பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். "பஸ்ஸு இன்னைக்கு வராது" என்று போகும்போது ஒரு சாபமும் கொடுத்தார். வந்தது. ரொம்ப நேரம் கழித்து, மூச்சுவிட இடமில்லாமல் வந்தது.

காத்திருந்த நேரத்தில் கையில் இருந்தது எமிலி ப்ரான்டே எழுதி 1847-இல் வெளிவந்த வுதரிங் ஹைட்ஸ் நாவல். நெல்லைக்கு வந்து இங்கிலாந்து மேட்டுக்காட்டுக் கதையைப் படிப்பது கிறுக்குத்தனம்தான். சரி, ஊர் சுற்றும்போது படிக்கத் தடித்த புத்தகமாக இருக்கட்டும் என்று எடுத்துவந்தேன். கேத்தரினுக்கு, தன் வீட்டில் எடுத்து வளர்த்த அனாதை ஹீத்கிளிஃப் மேல் உயிர். ஆனாலும் அவனைக் கட்டினால் தனக்குக் கேவலம் என்று வேலைக்காரியிடம் சொல்கிறாள். அதை ஒளிந்து கேட்டவன், அவள் அடுத்துச் சொல்லப்போகும் காதலைக் கேட்காமலே எழுந்து போய்விடுகிறான். மூன்று வருஷம் கழித்துப் பணத்தோடு திரும்பி வந்து இரண்டு குடும்பங்களைச் சீரழிக்கிறான். பெற்றவர்கள் மேல் உள்ள வஞ்சத்தைப் பிள்ளைகள் தலையிலும் இறக்குகிறான். அந்தக் 'கேவலம்' என்ற இடத்தில் நான் இருந்தபோதுதான் பஸ் வந்தது.

பாதையைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒருவருடைய அக்குள்தான்.

கோயில் ஆற்றங்கரையில் இருக்கிறது. ஆடி அமாவாசைக்குக் கூட்டம் கொட்டும். மற்ற நாளில் குரங்குகள்தான் அதிகம், பையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். அய்யனாரைக் கும்பிட்டுவிட்டு நேராகப் பட்டவராயன் சன்னதிக்குப் போனேன். அங்கே காணிக்கையே தோல் செருப்புதான்! நேர்ந்துகொண்டு வந்து கட்டுகிறார்கள். சாமி ராத்திரியில் அதைப் போட்டுக்கொண்டு காட்டைச் சுற்றுவார், அதனால் செருப்பு தேயும் என்பது நம்பிக்கை. (கார்காரர் இதையும் கணக்கில் சேர்த்திருப்பார்.)

பட்டவராயன் என்பது முத்துப்பட்டன். வில்லுப்பாட்டில் கேட்கவேண்டிய கதை. பிராமண இளைஞன், காட்டில் கண்ட பொம்மக்கா, திம்மக்கா என்ற அக்கா தங்கை மேல் பைத்தியமாகிறான். செருப்புத் தைக்கும் வாலப்பகடையின் மகள்கள் அவர்கள். வாலப்பகடை ஒரேயடியாக விரட்டாமல் நிபந்தனை போடுகிறார்: பூணூலை அறு, குடுமியை எடு, செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்டு வா. முத்துப்பட்டன் அதைச் செய்துவிட்டு வந்து பெண் கேட்கிறான்! கல்யாணம் முடிந்த கையோடு மாமனாரின் மாடுகளைக் கள்ளர்கள் ஓட்டிப்போக, போய்ச் சண்டையிட்டு மீட்கிறான். ஒளிந்திருந்த ஒருவன் வஞ்சகமாகக் குத்திக் கொல்கிறான். பெண்கள் இருவரும் அவன் சிதையிலேயே இறங்குகிறார்கள்.

கேத்தரின் பயந்த அந்தக் 'கேவலத்தை' இவன் பந்தயப் பொருள் மாதிரி ஜெயித்துக்கொண்டு வந்திருக்கிறான். அவள் இறங்கி வந்திருந்தால் ஹீத்கிளிஃபின் பழிக்கு வேலையே இருந்திருக்காது, நாவலும் இருந்திருக்காது. நம் ஊரில் இன்னொரு வழக்கமும் உண்டு. அநியாயமாகச் செத்தவர் கோபம் சும்மா போகாது என்று பீடம் போட்டு, வருஷா வருஷம் கொடை என்று திருவிழா எடுத்து, வில்லுப்பாட்டில் கதையைச் சொல்லி ஆற்றுவார்கள். ஹீத்கிளிஃப் மட்டும் அம்பாசமுத்திரம் பக்கம் செத்திருந்தால் அவனுக்கும் படையல் போட்டு அமர்த்தியிருப்பார்கள். இங்கிலாந்திலோ அவன் ஆவி இன்னும் மேட்டில் அலைவதாக ஊர் பயப்படுவதோடு சரி.

ஒரு எரிச்சலையும் சொல்லிவிடுகிறேன். பிற்காலத்தில் இந்தக் கதையை மாற்றி, அந்தப் பெண்கள் உண்மையில் காட்டில் கிடைத்த பிராமணக் குழந்தைகள், வாலப்பகடை வளர்த்தார் என்று சேர்த்திருக்கிறார்கள். நாட்டுப்புறவியல் ஆய்வாளர் நா. வானமாமலை இந்த ஒட்டுவேலையைக் காட்டிக்கொடுத்திருக்கிறார். பெண்கள் பிராமணக் குழந்தைகள் என்றால் முத்துப்பட்டன் அறுத்த பூணூலுக்கு என்ன மதிப்பு? சாதி பார்த்துக் காதலுக்குக் கழிவு கொடுத்த அந்தக் கை யாருடையதோ, நல்லா இருக்கட்டும்.

திரும்பும் வழியில் அம்பையில் (அம்பாசமுத்திரம்தான்) ஒரு சின்ன மெஸ்ஸில் உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும். கருப்பு உளுந்தின் வாசமும் தேங்காய்த் துருவலும் துவையலின் காரமும் சேர்ந்து பஸ்ஸில் நின்ற இடுப்பு வலியை மறக்கடித்தன. 70 ரூபாய். இரண்டாம் தடவை கேட்டதற்கு முகம் சுளிக்காமல் போட்டார்கள். பயணத்தில் மனம் குளிர்ந்து கொடுத்த ஒரே பணம் இதுதான்.

மறுநாள் திருக்கோளூர். இப்போது தூத்துக்குடி மாவட்டம் என்பார்கள், எனக்கு நெல்லைச் சீமைதான். இங்கே பெருமாள் நெல் அளக்கும் மரக்காலைத் தலைக்கு வைத்துப் படுத்திருக்கிறார்; குபேரன் இழந்த செல்வத்தைக் காத்தவராம், என் பர்ஸையும் காட்டி வைத்தேன். நான் போனது நம்மாழ்வாரின் ஒரு பாட்டுக்காக. "உண்ணுஞ் சோறு பருகுநீர் தின்னும் வெற்றிலையும் எல்லாம் கண்ணன்" என்று கண்ணீர் விட்ட பெண் வீட்டைவிட்டுப் போய்விட்டாள். தேடும் அம்மா பதறினாலும், வழி கேட்டுக் கேட்டு மகள் திருக்கோளூருக்குத்தான் போயிருப்பாள் என்று திண்ணமாகச் சொல்கிறாள். செத்த கேத்தரின் ஜன்னலுக்கு வெளியே நின்று உள்ளே விடச் சொல்லிக் கெஞ்சுகிறாள். இந்தப் பெண்ணோ உயிரோடு இருக்கும்போதே படியிறங்கி நடந்துவிட்டாள். எனக்கு இவளைத்தான் பிடித்திருக்கிறது. உச்சிவேளைக்கு நடை சாத்திவிடுவார்கள், காலையிலேயே போங்கள்.

குற்றாலக் குறவஞ்சி என்ற நூலுக்காகக் குற்றாலமும் போக ஆசை இருந்தது. சீசன் நேரம், லாட்ஜில் போன் போட்டால் ஒரு ராத்திரிக்கு 4,000 என்கிறான். அந்தக் குறவஞ்சியில் திரிகூடராசப்பக் கவிராயரின் வசந்தவல்லி காதல் நோயில் நிலவைப் பிடித்துத் திட்டுவாள். அவளுக்காவது அதற்குக் காசு ஆகவில்லை.