ஒரு மில்லி சிரப்

தஞ்சாவூரில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். கவுன்ட்டரில் நிற்க ஆரம்பித்து 22 வருடமாகிறது. டோஸ் கணக்கில் நான் தடுமாறியதில்லை. அந்த நம்பிக்கையில்தான் அன்று இரவு பாராசிட்டமால் சிரப்பைத் திறந்தேன்.

மகள் வளர்க்கும் பூனை சிட்டுவை வாசலில் ஒரு பைக் இடித்துவிட்டுப் போய்விட்டது. பின்னங்கால் தொங்க, பீரோவுக்கு அடியில் போய் ஒண்டிக்கொண்டது. கத்தவில்லை. "வலிக்கும்ப்பா, ஏதாவது குடுங்க" என்று மகள்தான் அழுதாள். மூன்று கிலோ எடை. குழந்தைகளுக்கு என்றால் கிலோவுக்கு 15 மி.கி. ஒரு மில்லிக்குச் சற்றுக் குறைவாகச் சிரிஞ்சில் எடுத்தும்விட்டேன். என்னவோ உறுத்தவே, கடைக்கு வந்துபோகும் கால்நடை டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, சிரிஞ்ச மொதல்ல கீழ வைங்க. ஒண்ணும் குடுக்காதீங்க, நான் வர்றேன்."

மணி ஒன்பதரை. கால் மணி நேரத்தில் ஸ்கூட்டரில் வந்துவிட்டார். தரையில் படுத்து பீரோவுக்கு அடியில் கையை நீட்டி, சிட்டு தானாக முகர்ந்து பார்க்கும்வரை அப்படியே இருந்தார். வெளியே எடுத்த பிறகும் காலைத் தொடவில்லை. மூச்சை எண்ணினார். உதட்டை விலக்கி, ஈறைக் கட்டைவிரலால் அழுத்தி விட்டார். வெளுத்த இடம் சட்டென்று சிவந்தது. அடிவயிற்றைத் தடவி மூத்திரப்பையைப் பார்த்தார். கடைசியாகத்தான் கால். வலிக்கு ஊசி போட்டு, அட்டைப்பெட்டியில் துண்டு விரித்துப் படுக்கவைத்தார்.

அப்புறம்தான் என்னிடம் சொன்னார். பாராசிட்டமாலை நம் கல்லீரல் பக்குவம் செய்து வெளியேற்றிவிடும். அதற்கு வேண்டிய என்சைம் பூனைக்கு மிகக் குறைவு. நஞ்சு தங்கி ரத்தச் சிவப்பணுக்களைத் தாக்கும். ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போகும், ஈறு பழுப்பாகிவிடும். 500 மி.கி. மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொன்றுவிடப் போதும். நான் போட்ட குழந்தைக் கணக்கு அதனிடம் செல்லாது. எனக்குக் கை நடுங்கியது. அவர் கடிந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. "போன் பண்ணீங்கல்லண்ணே, அது போதும்" என்றார்.

மறுநாள் ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு அவரே பேசி அனுப்பிவைத்தார். தொடை எலும்புக்குள் கம்பி வைத்தார்கள். ஆறு வாரம் கூண்டுக்குள்ளேயே இருந்தது சிட்டு. இடையில் எத்தனை முறை அவர் போன் பண்ணி, சாப்பிட்டதா, மூத்திரம் போனதா என்று கேட்டார்! பூனைக்கு ஆகாத மனித மருந்துகளை ஒரு துண்டுச் சீட்டில் எழுதியும் தந்தார்: பாராசிட்டமால், இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக். மருந்து அலமாரிக் கதவின் உட்புறம் அதை ஒட்டிவைத்திருக்கிறேன்.

போன வாரம் ஒரு பையன் வந்து காய்ச்சல் மாத்திரை ஒன்று கேட்டான். யாருக்கு என்றேன். "எங்க பூனைக்கு" என்றான். எடுத்த அட்டையை டப்பாவில் திரும்ப வைத்துவிட்டு, டாக்டரம்மா நம்பரைப் போட்டு போனை அவன் கையில் கொடுத்தேன்.