பதினான்கு ரூபாய்க்குக் கிடைத்த பதினொரு பக்கங்கள்

2024 சித்திரைப் புத்தாண்டை ஒட்டி எங்கள் ஊர்த் திடலில் நடந்த மாட்டுவண்டில் சவாரிப் போட்டியில், எல்லைக் கயிற்றைத் தாண்டிய ஒரு செவலை எருது முன்னங்கால்களை மடித்துக்கொண்டு விழுந்தது. ஒலிபெருக்கியில் அடுத்த சோடியின் பெயர் போய்க்கொண்டிருந்தது. நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது வால் அடியில் நான்கைந்து இடங்களில் இரத்தம் கசிந்திருந்தது. ஆணி அடித்த கம்பின் வேலை அது என்பதை இந்தப் பக்கத்தில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. தண்ணீர் ஊற்றினார்கள், தென்னோலையால் விசிறினார்கள். கால்நடை வைத்தியர் எங்கே என்று கேட்டேன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டாம் நாள் எருது செத்துவிட்டது. அதை வளர்த்த பையன் கடன்பட்டு வாங்கியிருந்தான்.

நான் சவாரியை வெறுப்பவன் இல்லை. என் அப்பா இரண்டு சோடி வைத்திருந்தார். பள்ளிக்கூடம் போகுமுன் அவற்றுக்குத் தவிடு கரைத்து வைப்பது என் வேலை. கல் நந்தி எழும்பிப் புல் தின்றது என்று கதை சொல்லும் கொக்கட்டிச்சோலைக் கோயிலுக்குக் கிட்டத்தான் பிறந்தேன். மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் மாடு இல்லாத வீட்டுக்குப் பெண் கொடுக்க யோசித்த காலம் ஒன்று இருந்தது. ஆகவே எனக்கு வந்தது விலங்குநலக் கோபம் மட்டும் இல்லை. திடல் பிரதேச சபையினுடையது. திடலைச் சமப்படுத்திய இயந்திரமும் சபையினுடையது. அப்படியானால் யாரோ ஒருவர் ஏதோ ஒரு தாளில் கையெழுத்து வைத்திருக்கவேண்டும். அந்தத் தாளைப் பார்க்கவேண்டும் என்று தோன்றியது.

யாரிடம் கேட்பது என்பதுதான் சிக்கல். பொலிசில் முறையிடலாம் என்றார் ஒரு சட்டத்தரணி நண்பர். பிறகு அவரே சிரித்தார். மிருகவதைத் தடுப்புக் கட்டளைச் சட்டம் 1907ஆம் ஆண்டினது; அதில் சொல்லியிருக்கும் தண்டப்பணத்தின் உச்சம் 100 ரூபாய். திடல் ஓரத்தில் விற்ற ஐஸ்கிரீமின் விலை அதைவிடக் கூட. சபை உறுப்பினரிடம் போகலாமென்றால், 2023 மார்ச்சோடு உள்ளூராட்சி சபைகளின் காலம் முடிந்து, அந்த நேரம் செயலாளர்தான் எல்லாம். மாகாண சபைக்குப் போகலாமென்றால், கிழக்கு மாகாண சபையின் ஆயுள் 2017 செப்டெம்பரில் முடிந்துவிட்டது. அன்றிலிருந்து ஆளுநரின் கீழ் அதிகாரிகளே நடத்துகிறார்கள். கால்நடைகளைப் பேணிப் பாதுகாப்பது அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தின்படி மாகாணத்தின் பொறுப்பு. அந்தப் பொறுப்புக்கு வாக்குக் கேட்டு வந்து பதில் சொல்ல ஒருவரும் இல்லை. எஞ்சியிருந்தது 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் ஒன்றுதான்.

என் முதல் விண்ணப்பத்தை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. பதினொரு கேள்விகள் எழுதினேன். “வாயில்லாச் சீவனை வதைக்க அனுமதித்தது ஏன்?” “இதற்குப் பொறுப்பேற்பவர் யார்?” “இனிமேலாவது நடவடிக்கை எடுப்பீர்களா?” எழுதி முடித்தபோது மேடையில் பேசி இறங்கியவன் போல மனம் நிறைந்திருந்தது. தபாலில் சேர்க்குமுன், பட்டணத்தில் இப்படிப் பல விண்ணப்பங்கள் எழுதிப் பழகிய ஓர் ஓய்வுபெற்ற முகாமைத்துவ உதவியாளரிடம் காட்டினேன். அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, “தம்பி, இது கட்டுரைப் போட்டிக்கு நல்லது” என்றார்.

அவர் சொன்னது இதுதான்: அந்தச் சட்டம் தருவது ஏற்கெனவே அலுவலகக் கோவையில் கிடக்கும் தாளை. அதிகாரியின் மனச்சாட்சியை அது தராது. ‘ஏன்’ என்று கேட்டால் “உங்கள் கேள்வி தகவல் என்ற வரையறைக்குள் வராது” என்று எழுதிக் கோவையை மூடிவிடலாம். ‘இன்ன திகதிக்கும் இன்ன திகதிக்கும் இடையில் இன்ன திடலைப் பாவிக்கக் கொடுத்த அனுமதிக் கடிதத்தின் பிரதி’ என்று கேட்டால் இரண்டே பதில்தான்: இருக்கிறது, இல்லை. இல்லை என்றாலும் ஒருவர் கையெழுத்து வைத்து இல்லை என்று எழுதவேண்டும்.

அன்றிரவு பதினொன்றையும் கிழித்துவிட்டு நான்கு எழுதினேன். பிரதேச சபையிடம் மூன்று: திடலுக்கான விண்ணப்பமும் அனுமதிக் கடிதமும் அதன் நிபந்தனைகளும், அந்த நிகழ்வுக்குச் சபை செலவழித்த பணத்தின் வவுச்சர்கள், கால்நடை வைத்தியரை அழைத்ததற்கான கடிதமும் அவரது சான்றிதழும். மாகாணத்தில் இதற்குப் பொறுப்பான திணைக்களத்திடம் ஒன்று: விலங்கு ஓட்டப் போட்டிகள் தொடர்பாக நடைமுறையில் உள்ள சுற்றறிக்கை அல்லது வழிகாட்டி. எருதின் சொந்தக்காரர்களின் பெயர்ப் பட்டியலையும் கேட்கக் கை துடித்தது. அது தனிப்பட்ட தகவல், மறுக்க இடம் உண்டு, அதைச் சாட்டி முழு விண்ணப்பத்தையும் இழுத்தடிப்பார்கள் என்று அவர் தடுத்தார். நியாயம்தான். எனக்கு வேண்டியதும் அந்தப் பையனின் பெயர் இல்லையே.

சபைக்கு நேரில் கொண்டுபோனேன். கவுண்டரில் இருந்த பிள்ளை வாங்கிப் பார்த்துவிட்டு, “எதற்கு இது உங்களுக்கு?” என்று கேட்டார். காரணம் சொல்லத் தேவையில்லை என்று சட்டமே சொல்கிறது. அதை மெதுவாகச் சொன்னேன். தகவல் அலுவலர் லீவு, மேசையில் வைத்துவிட்டுப் போங்கள் என்றார். கிடைத்ததற்கு ஒரு கடிதம் தாருங்கள் என்றேன். அதற்கும் ஐயாதான் வரவேண்டுமாம். தகவல் அலுவலர் என்று ஒருவரை நியமிக்காவிட்டால் நிறுவனத்தின் தலைவரே தகவல் அலுவலர் என்று சட்டத்தில் இருப்பது அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவும் மாட்டார்கள். சண்டை பிடிக்காமல் வெளியே வந்து தபால்கந்தோரில் இரண்டையும் பதிவுத் தபாலில் அனுப்பினேன். அதற்குத் தந்த பற்றுத்துண்டு, பிறகு நடந்த எல்லாவற்றுக்கும் உயிர்.

முதலில் பதில் வந்தது மாகாணத்திலிருந்துதான். திருகோணமலை முத்திரையோடு, ஜூன் மாதத்தில், ஒற்றைப் பந்தி. அப்படியான சுற்றறிக்கையோ வழிகாட்டியோ தம்மிடம் இல்லை. கீழே கையெழுத்தும் இறப்பர் முத்திரையும்.

அந்தத் தாளை நான் பலமுறை எடுத்துப் பார்த்திருக்கிறேன். கடலுக்கு அப்பால் தமிழ்நாட்டில் இதே எருதுக்காக நீதிமன்றத்திலும் தெருவிலும் சண்டை நடந்தது. 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டையும் வண்டி ஓட்டத்தையும் தடுத்தது. 2017 சனவரியில் மெரினா நிரம்பியது. மாநிலம் தனிச் சட்டம் கொண்டுவந்து, மாவட்ட ஆட்சியரின் அனுமதி, கால்நடை வைத்தியரின் பரிசோதனை என்று விதிகளும் எழுதியது. 2023 மே 18 அன்று அரசியலமைப்பு அமர்வு அந்தச் சட்டத்தைச் செல்லும் என்றது. சரி பிழை வேறு கதை. சண்டை பிடிக்க ஒரு விதியாவது அங்கே இருந்தது. சிட்னியில் இருக்கும் என் மச்சான் இன்னொன்று சொன்னார். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் வேட்டைநாய் ஓட்டம் பற்றி ஓய்வுபெற்ற நீதிபதி மைக்கேல் மெக்ஹியூ விசாரித்துக் கொடுத்த அறிக்கையை வைத்து 2016 ஜூலையில் முதலமைச்சர் மைக் பெயர்ட் அந்த ஓட்டத்தைத் தடைசெய்யப் போவதாக அறிவித்தார். எதிர்ப்பு வலுத்ததும் ஒக்டோபரில் பின்வாங்கினார். பின்வாங்கியதையும் சனம் பார்த்தது, எதிலிருந்து பின்வாங்கினார் என்பதும் அறிக்கையாகக் கையில் இருந்தது. எங்களுக்கு முன்னேறவும் பின்வாங்கவும் ஒன்றும் எழுதப்படவே இல்லை. ஆனாலும் அந்த ‘இல்லை’ முத்திரை குத்தி வந்தது எனக்கு ஒருவிதத்தில் திருப்தி. அதுவரைக்கும் “எல்லாம் சட்டப்படிதான் நடக்கிறது” என்று திடலில் சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்குக் காட்ட ஒரு தாள் கிடைத்தது.

சபை மௌனம். தீர்மானத்தை அறிவிக்க அவர்களுக்கு 14 வேலை நாள். வெசாக் விடுமுறையும் சேர்ந்ததால் மே மாதம் முழுக்கப் போய்விட்டது. சனி ஞாயிறைக் கழித்துச் சுவர்க் கலண்டரில் ஒவ்வொரு நாளாக வெட்டிக்கொண்டு இருந்தேன், வீட்டில் சிரித்தார்கள். காலம் முடிந்தபின் மேன்முறையீட்டைப் பார்ப்பதற்கென்று குறிக்கப்பட்ட அலுவலருக்கு எழுதினேன். இதற்கும் 14 நாள்தான், இந்த முறை எனக்கு. மண்முனைப் பாலத்தால் பஸ்ஸில் பட்டணம் போய்த் தட்டச்சு செய்வித்து வந்தேன். 2014இல் பாலம் திறக்கும்வரை ‘பாதை’ என்ற படகில் ஏறி வாவியைக் கடந்த சனம் நாங்கள். ஒரு கடிதத்துக்கு ஒரு நாள் செலவாவது எங்களுக்குப் புதிதில்லை.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. நிகழ்வை நடத்தியது ஒரு தனியார் கழகம், ஆகவே தகவல் வழங்க முடியாதாம். கழகத்தின் கோவையை நான் கேட்கவில்லை, சபையின் கோவையில் இருப்பதைத்தான் கேட்டேன் என்பதை வாசித்துப் பார்க்கவே இல்லை போலும். ஜூலையில் கொழும்பில் உள்ள தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு எல்லாவற்றின் பிரதியையும் கட்டி அனுப்பினேன். அதற்கு இரண்டு மாத அவகாசம் உண்டு. நான் பத்து நாளும் வைத்திருக்கவில்லை. பிறகு நீண்ட அமைதி. நடுவில் சனாதிபதித் தேர்தல் வந்தது, போனது, ஒரு மழையும் தொடங்கிவிட்டது. ஆணைக்குழுவின் கடிதம் சபைக்கும் எனக்கும் வந்த இரண்டு வாரத்தில், விசாரணை நாளுக்கு முன்பே, சபையிலிருந்து தொலைபேசி: “ஐயா, வந்து எடுத்துக்கொண்டு போங்கள்.” மே மாதத்தில் ‘நீங்கள்’. இப்போது ‘ஐயா’.

பதினொரு பக்கம். முதல் நான்கு இலவசம். மிச்சம் ஏழுக்கும் பக்கத்துக்கு 2 ரூபாய்ப்படி 14 ரூபாய். பற்றுச்சீட்டு எழுதிய அதே பிள்ளை, இந்தச் சீட்டு அடித்த செலவே இதைவிடக் கூட என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அவரில் எனக்குக் கோபம் இருக்கவில்லை.

வாசலில் இருந்த வேப்பமரத்தின் கீழ் நின்றே வாசித்தேன். அனுமதிக் கடிதம் இருந்தது. ஆறு நிபந்தனைகளும் இருந்தன. யாரோ ஒரு காலத்தில் கவனமாக எழுதியவை. மூன்றாவது, கால்நடை வைத்தியரின் சான்றிதழ் போட்டிக்கு மூன்று நாட்களுக்கு முன் சபைக்குக் கிடைக்கவேண்டும். நான்காவது, ஆணி, ஊசி, மின்சாரம் எதையும் பாவிக்கக்கூடாது. நிலம் சமப்படுத்திய டீசலுக்கு வவுச்சர் இருந்தது. தண்ணீர் பவுசருக்கு வவுச்சர் இருந்தது. பொன்னாடைக்குக்கூட இருந்தது. சான்றிதழ் மட்டும் இல்லை. வைத்தியரை அழைத்த கடிதமும் இல்லை. ‘மேற்படி ஆவணம் கோவையில் காணப்படவில்லை’ என்று பதினோராம் பக்கத்தில் கையெழுத்து.

ஆக, மாகாணத்திடம் விதி இல்லை. சபையிடம் விதி இருந்தது, அது கோவைக்குள் படுத்திருந்தது.

இந்த ஏழு மாதத்தில் கடினமாக இருந்தது அலுவலகம் இல்லை, என் மாமாதான். கழகத்தின் ஆலோசகர் அவர், அப்பாவோடு ஒரே வண்டிலில் சவாரி ஓடியவர். கோயில் வாசலில் எல்லோருக்கும் கேட்கும்படி, “மகன், உன் அப்பா இருந்திருந்தால் நீ இப்படிக் கடிதம் எழுதுவாயா?” என்று கேட்டார். நாக்கு எழவில்லை. மேய்ச்சல் தரைக்காகப் பண்ணையாளர்கள் சித்தாண்டியில் தெருவோரம் போராட்டம் இருந்த நேரம் அது. மயிலத்தமடு, மாதவணையில் மாடு மேய்க்க இடமில்லாமல் தவிக்கும்போது உனக்குச் சவாரிதான் பிரச்சினையா என்றும் கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் இன்றைக்கும் முழுப் பதில் இல்லை. பதினொரு பக்கத்தையும் நிழற்பிரதி எடுத்து அவர் வீட்டுத் திண்ணையில் வைத்துவிட்டு வந்தேன். மாமி மட்டும் தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போகச் சொன்னார். மாமா வெளியே வரவில்லை.

2025 சித்திரையில் மறுபடியும் சவாரி. உள்ளூராட்சித் தேர்தலுக்கு மூன்று வாரம். வெள்ளை வேட்டிகளுக்குக் குறைவில்லை, மாடுகளுக்குக் கை அசைத்தவர்களையும் கண்டேன். நடுவர் மேடைக்குப் பக்கத்தில் ஒரு சிறு கூடாரம், உள்ளே கால்நடை வைத்தியரும் ஒரு பெட்டியும். ஒரு நாம்பனை நடக்கவிட்டுப் பார்த்து, நொண்டுகிறது, இறக்கவேண்டாம் என்று திருப்பி அனுப்பினார். சொந்தக்காரர் முணுமுணுத்துக்கொண்டு கட்டை லொறியில் ஏற்றிக்கொண்டு போனார்.

தொடங்குமுன் மாமா ஒலிவாங்கியைப் பிடித்து நிபந்தனைகளை வாசித்தார். நான் கொடுத்த அதே பிரதி. மூலையில் என் கையெழுத்தில் பக்க எண் தெரிந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று இராகம் வைத்து வாசித்தவர், அடுத்து ஐந்துக்குப் போய்விட்டார். சனத்துக்குள் நின்று கையை உயர்த்தி நான்கு விரலைக் காட்டினேன். கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, “நான்கு விடுபட்டுப்போயிற்று” என்று தொடங்கினார்.