மயில்சிகை முளைத்துவிட்டது

மூன்றாவது தடவையில் முளைத்தேவிட்டது! கொழிஞ்சாம்பாறையில் எங்கள் தோட்டத்துப் பழைய கிணற்றின் கல்லிடுக்கில் இருக்கும் மயில்சிகைப் பெரணியின் (ஃபெர்ன் வகைச் செடி) வித்தை, அதாவது விதைக்குப் பதிலாக இலையடியில் உண்டாகும் நுண்தூளை, ஐப்பசியில் தூவியிருந்தேன். நேற்று லென்ஸ் வைத்துப் பார்த்தால், வித்திலிருந்து முதலில் வரும் பச்சைத் தகடுகளுக்கு நடுவே ஒரு குட்டி இலை, கவட்டை மாதிரி இரண்டாகப் பிரிந்து நிற்கிறது.

சாண் உயரம்கூட வராத செடி. குட்டிப் பனைமரம் போல விசிறி இலை. வெயிலில் சுருண்டு காய்ந்து கிடக்கும். "செத்துப்போச்சுன்னு பிடுங்கிராத கண்ணு, ஒரு மழை பேஞ்சா எந்திரிச்சுக்கும்" என்று பக்கத்துத் தோட்டத்துப் பாட்டி சொல்வார். வேரோடு பெயர்த்து வைத்த இரண்டும் பட்டுப்போனதால்தான் வித்துக்கே வந்தேன்.

எல்லாச் சிக்கலும் வித்தைப் பிரிப்பதில்தான். முற்றிய இலையைக் காகிதத்தில் மடித்து இரண்டு நாள் வைத்தால் தூள் கொட்டும். ஆனால் அதில் நிறைய, வெடித்த வித்துப்பைகளின் உமி. பூஞ்சை ஏறுவது அதில்தான். முன்பு இரண்டு தடவையும் உமியோடு தூவி, பத்தே நாளில் வெள்ளைப் பஞ்சு படர்ந்து டப்பாவையே வீசினேன். இந்த முறை வழவழப்பான காலண்டர் தாளில் கொட்டி, லேசாகச் சாய்த்து, அடியில் விரலால் தட்டினேன். உமி முன்னால் ஓடிவிடும். வித்து தாளோடு ஒட்டிப் பின்தங்கும். உமியைத் தள்ளிவிட்டு மறுபடி தட்ட வேண்டும். எட்டு முறை தட்டினேன். மின்விசிறியை அணைத்துவிடுங்கள், மூச்சைக்கூடத் திருப்பி விடுங்கள். கடைசியில் மிஞ்சியது காப்பிப் பொடிக் கீற்று போல ஒரு கோடு. ஒரு டப்பாவுக்கு அதுவே தாராளம்.

கலவை: செங்கல் தூள், கிணற்றிலிருந்து உதிர்ந்த பழைய சுண்ணாம்புக் காரை, கொஞ்சம் தென்னை நார்க்கழிவு. குக்கரில் அவித்து ஆறவைத்தேன். நார்க்கழிவு பொள்ளாச்சிப் பக்கம் மலிவு, ஆனால் உப்பு இருக்கும்; மூன்று தண்ணீராவது அலசாமல் போடாதீர்கள். கோவையில் ஒரு நர்சரியில் 'அலசியது' என்று வாங்கிய கட்டி நாக்கில் வைத்தாலே கரித்தது.

அப்புறம், நுனி இலை மண்ணைத் தொட்டால் அங்கேயே வேர்விடும் பெரணி ஒன்று மலம்புழைப் பக்கம் ஈரக் கரைகளில் பார்த்தேன். அதற்கு இந்தத் தூள் வேலையே வேண்டாம். அடுத்த மழைக்கு அதுதான்.

இப்போதைக்குக் கவலை தை மாதக் காற்று. வாளையார் வழியாக அடிக்கும் வேகத்தில் டப்பா மூடியைத் திறந்தாலே மேல்மண் வெளுக்கிறது. தினம் காலையில் கொதித்து ஆறிய நீரைப் புகையாகத் தெளிக்கிறேன். மூடியில் இன்னும் ஊசித் துளை போடவில்லை. இரண்டாவது இலை வரட்டும்.