ஷித்தி: தையல் வினையை எப்படிப் படிப்பது?

செர்போ-குரோவாசிய மொழித் தேர்வில் 'ஷித்தி' (தைத்தல்) வந்தால் முதல் சறுக்கல் நிகழ்காலத்தில்தான். 'ராதித்தி' (வேலை செய்தல்) 'ராதிம்' ஆவதைப் பார்த்துவிட்டு, இதையும் 'ஷிம்' என்று எழுதிவிடுகிறார்கள். ராதித்தியில் உள்ள இகரம் விகுதியைச் சேர்ந்தது. ஷித்தியில் அது வேரிலேயே இருக்கிறது. அந்த வேர் 'ஷிய்'. உயிரெழுத்துக்கு முன் யகரம் வெளியே வரும், மெய்க்கு முன் மறையும். இதைப் பிடித்துக்கொண்டால் மனப்பாடம் பாதியாகக் குறையும்.

நிகழ்காலம்: ஷியெம், ஷியெஷ், ஷியெ, ஷியெமோ, ஷியெதெ, ஷியு. ஏவலில் மட்டும் யகரம் மெய்க்கு முன்னும் நிற்கும்: ஷிய், ஷிய்மோ, ஷிய்தெ. பித்தி (குடித்தல்), க்ரித்தி (மறைத்தல்) இரண்டும் இதே அச்சு: பியெம், க்ரியெம். மூன்றையும் சேர்த்தே எழுதிப் பழகுங்கள்.

இறந்தகாலத்தில் யகரம் இல்லை. ஆண் சொன்னால் 'ஷிஓ ஸம்', பெண் சொன்னால் 'ஷிலா ஸம்'. அஃறிணைப் பாலில் வரும் 'ஷிலோ', செருப்புத் தைப்பவரின் குத்தூசிக்கும் பெயர். வாசிப்புப் பகுதியில் பக்கத்துச் சொற்களைப் பார்த்துப் பொருள் கொள்ள வேண்டும்.

செயப்பாட்டு எச்சத்தில் அச்சு பிரிகிறது. குடிக்கப்பட்டது 'பொப்பியென்'; தைக்கப்பட்டதோ 'ஸஷிவென்', யகரத்துக்குப் பதில் வகரம். 'ஸக்ரிவென்' (மறைக்கப்பட்டது) இதன் துணை. தொழிற்பெயர் செர்பியாவில் 'ஷிவென்யெ', குரோவாசியாவில் 'ஷிவன்யெ'. பின்னது 'ஷிவத்தி' என்ற இன்னொரு வினையிலிருந்து வருகிறது. எதிர்காலத்தை செர்பிய முறையில் ஒரே சொல்லாகவும் குரோவாசிய முறையில் இரு சொல்லாகவும் எழுதுவார்கள், உச்சரிப்பு ஒன்றே. ஒரே விடைத்தாளில் இரண்டையும் கலக்காதீர்கள்.

அதிக நேரம் கொடுக்க வேண்டியது முன்னொட்டுகளுக்கு. ஷித்தி நடந்துகொண்டிருக்கும் வேலை, 'ஸஷித்தி' முடிந்த வேலை. 'ஷிலா ஸம் ஹல்யினு' என்றால் கவுன் தைத்துக்கொண்டிருந்தேன். 'ஸஷிலா ஸம்' என்றால் தைத்துவிட்டேன். தமிழில் 'விடு' செய்யும் வேலையை இங்கே முன்னொட்டு செய்கிறது, அதனால் நமக்கு இது எளிதாகவே பிடிபடும். "என்ன செய்துகொண்டிருக்கிறாய்?" என்ற கேள்விக்கு 'ஸஷியெம்' விடையாகாது, 'ஷியெம்' மட்டுமே. சட்டையில் பட்டன் வைத்துத் தைக்க 'ப்ரிஷித்தி'. கிழிசலையோ காயத்தையோ தைத்து மூட 'ஸாஷித்தி'. இதன் முதலொலி தேனீ ரீங்கரிப்பதுபோல் அதிரும், ஸஷித்தியில் அதிராது. கேட்டல் பகுதியில் இந்த இரண்டும் குழப்பும். பட்டனுக்கு செர்பியாவில் 'துக்மெ', குரோவாசியாவில் 'கும்ப்'.

லத்தீன் எழுத்தில் எழுதும்போது முதலெழுத்தின் தலையில் உள்ள சிறு கொக்கியை விட்டுவிடாதீர்கள். விட்டால் 'ஸியெம்' ஆகும்; குரோவாசிய வழக்கில் அதற்கு 'விதைக்கிறேன்' என்று பொருள். இலக்கணப்படி வாக்கியம் சரியாகவே நிற்பதால், மறுபடி படிக்கும்போதும் பிழை கண்ணில் படாது.