வீவக வீட்டில் கேம் அலமாரி: சில அளவுகள்

சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடுகளில் வீடியோ கேம் பெட்டிகளுக்கு முதல் எதிரி தூசி இல்லை, ஈரப்பதம். பாம் ஷெல்டர் (வீட்டுக்குள் இருக்கும் வெடிகுண்டுப் பாதுகாப்பு அறை) சும்மாதானே கிடக்கிறது என்று பழைய அட்டைப் பெட்டிகளை உள்ளே அடுக்கிக் கதவைச் சாத்திவிடாதீர்கள். காற்றோட்டம் இல்லாமல் பூஞ்சை பிடிக்கும்.

பிளேஸ்டேஷன் (பிஎஸ்4, பிஎஸ்5) கேம் பெட்டி ஒன்று சுமார் 14 மி.மீ. தடிமன். உள் அகலம் 76 செ.மீ. உள்ள தட்டில் கணக்குப்படி 54 நிற்கும். 50 வைத்தால்தான் விரல் நுழையும். இறுக்கித் திணித்தால் இழுக்கும்போது பிளாஸ்டிக் உறையின் ஓரம் கிழியும். நிண்டெண்டோ ஸ்விட்ச் பெட்டியின் உயரம் 17 செ.மீ.தான், தட்டுகளை நெருக்கிப் போட்டால் ஒரு வரிசை கூடுதலாகக் கிடைக்கலாம். பின்வரிசை வேண்டாம். அங்கே போன கேமை யாரும் திரும்ப எடுப்பதில்லை!

மேற்கு ஜன்னலுக்கு எதிரே அலமாரி கூடாது. சிவப்பும் மஞ்சளும் முதலில் வெளுக்கும், நீலம் மட்டும் மிஞ்சும்.

கார்ட்ரிட்ஜ்களுக்கு (கன்சோலில் செருகும் கேம் பேழைகள்) கேமராக்காரர்களின் ட்ரை பாக்ஸ், அதாவது ஈரம் கட்டுப்படுத்தும் பெட்டி போதும், ஈரப்பதத்தை 45-50 சதவீதத்தில் வையுங்கள். ஈரம் உறிஞ்சும் ஆரஞ்சு சிலிக்கா ஜெல் பச்சையானால் ஓவனில் காயவைத்து மறுபடி போடலாம். சூப்பர் நிண்டெண்டோ கார்ட்ரிட்ஜ் பலவற்றில் சேவ் (சேமித்த ஆட்டம்) நிற்பது ஒரு சிஆர்2032 பட்டன் பேட்டரியில். அதைக் கழற்றினாலே சேவ் அழியும், முதலில் நகல் எடுங்கள்.