சுகர் பார்க்க வந்தவர்கள்

நேற்று அந்தியூர் பக்கம் முகாம். வந்த பெண்களில் முக்கால்வாசிப் பேர் சுகரும் பிரஷரும் பார்க்கத்தான் வந்தார்கள். பேனரில் புற்றுநோய் என்று போட்டால் தெருவே காலியாகிவிடும், அறக்கட்டளை ஆரம்பித்த முதல் வருஷமே பட்டுத் தெரிந்துகொண்டோம், அதனால் இப்போது 'பெண்கள் நலம்' என்றுதான் அச்சடிக்கிறோம். பாதி உண்மை, பரவாயில்லை.

கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை என்றதும் ஒரு அக்கா செருப்பை மாட்டிவிட்டார். "எனக்குத்தான் ஒண்ணுமில்லியே கண்ணு." ஒன்றும் இல்லாதபோதுதானே அக்கா பார்க்கணும்! நீர்த்த அசிட்டிக் அமிலம், கிட்டத்தட்ட நம் சமையல் வினிகர், அதைப் பஞ்சில் தொட்டு வைத்து ஒரு நிமிஷம் பொறுத்தால் மாறுதல் உள்ள இடம் வெள்ளையாகத் தெரியும். புற்றாக மாறுவதற்கு முன்பே பிடித்துவிட்டால் பெரும்பாலும் கர்ப்பப்பையை எடுக்காமலே சரிசெய்யலாம். ரத்தம் பட்ட பிறகு ஓடிவருபவர்களிடம் இதைச் சொல்ல முடிவதில்லை.

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி 1954இல் அடையாறு மருத்துவமனையைத் தொடங்கியது வெறும் 12 படுக்கைகளோடு. மறு வருஷம் சேர்ந்த டாக்டர் சாந்தா 2021இல் இறக்கும்வரை அங்கேயேதான். நான் ஒரு வேனுக்கு டீசல் போடவே மூக்கால் அழுகிறேன்.

அப்புறம், அந்த அக்கா மத்தியானம் திரும்பி வந்தார், முப்பது தாண்டிய மருமகளை இழுத்துக்கொண்டு. "மொதல்ல இவளுக்குப் பாரு." இரண்டு பேருக்கும் பார்த்தோம்.

அடுத்த முகாமுக்கு மறைப்புக் கட்ட கெட்டியான பழைய புடவை நாலு வேண்டும். இருப்பவர்கள் இன்பாக்ஸ் வாருங்கள்.