எழுதித் தராத சீட்டு

சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை வாங்குகிறவர்கள் மளிகை வாங்குவது போல வருவார்கள். "அதே ஒரு மாசத்துக்குக் குடுங்க" என்று சொல்லிவிட்டுப் பையை நீட்டுவார்கள். வலி மாத்திரைக்காரர்கள் அப்படி இல்லை. கவுண்டரில் கூட்டம் குறையும் வரை ஓரமாக நிற்பார்கள். அப்புறம் நாலாக மடித்த பழைய சீட்டை எடுத்து வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்துவார்கள். "டாக்டரு எழுதித் தரமாட்டேங்கறாரு. நீயே ரெண்டு அட்டை குடுத்துரு அம்மிணி."

பவானியில் ஒரு மெடிக்கலில் மருந்தாளுநராக இருக்கிறேன். தறிக்காரர்கள் நிறைந்த ஊர் என்பதால் இடுப்பு வலிக்கும் முழங்கால் வலிக்கும் பஞ்சமே கிடையாது. குழித்தறியில் உட்கார்ந்து ஜமக்காளம் நெய்தே வயதானவர்கள், விசைத்தறியில் நாள் முழுக்க நின்றவர்கள், பைக்கிலிருந்து விழுந்து முதுகில் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் எல்லாரும் வருவார்கள். இவர்களில் சிலருக்கு டாக்டர் திடீரென்று "இனிமே இந்த மாத்திரை எழுத மாட்டேன்" என்று சொல்லிவிடும்போது, அடுத்து அவர்கள் வந்து நிற்கிற இடம் எங்கள் கடைதான்.

பழைய சீட்டை வைத்து நான் கொடுக்க முடியாது. மறுபடியும் கொடுக்கலாம் என்று மருத்துவர் சீட்டில் எழுதியிருந்தால் தவிர, ஒரு சீட்டுக்கு ஒரு தடவைதான் மருந்து என்பது மருந்து விதிகளில் ரொம்பக் காலமாக இருக்கிறது. சர்க்கரை மாத்திரைக்கு அதை யாரும் கண்டுகொள்வதில்லை என்பது வேறு கதை. டிரமடால் போன்ற கடுமையான வலி மாத்திரைகள், தனிக் கணக்கு வைத்து விற்க வேண்டிய மருந்துகளின் ஹெச் 1 பட்டியலில் இருக்கின்றன. அந்தப் பட்டியல் 2014 மார்ச்சில் அமலுக்கு வந்தது. அதிலுள்ள மருந்தைக் கொடுத்தால் எழுதிய டாக்டர் பெயர், முகவரி, நோயாளி பெயர், மருந்து, அளவு எல்லாவற்றையும் தனி ரிஜிஸ்டரில் ஏற்றி, மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். 2018 ஏப்ரலில் டிரமடாலைப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குள்ளும் கொண்டுவந்துவிட்டார்கள். அதற்கப்புறம் ஸ்டாக் எடுப்பதிலிருந்து கணக்கு எழுதுவது வரை எல்லாவற்றிலும் கெடுபிடிதான்.

டாக்டர்களின் பயமும் எனக்குப் புரிகிறது. மாதத்துக்கு ஒரு தடவையாவது பேப்பரில் "போதை மாத்திரை விற்ற கும்பல் கைது" என்று செய்தி வருகிறது. டேபென்டடால் அட்டை அட்டையாகப் பிடிபடுகிறது. அதுவும் ஒரு வலி மாத்திரைதான். டாக்டரின் லெட்டர்பேடைக் கலர் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு வருகிற பையன்களைக் கவுண்டரில் நானே பார்த்திருக்கிறேன். தேதி மட்டும் புது மையில் இருக்கும். நாளைக்கு ஒரு விசாரணை வந்தால் சீட்டில் இருப்பது அந்த டாக்டரின் பெயர். அவர் கை எழுதத் தயங்கினால் குறை சொல்ல முடியாது.

ஆனால் தயங்குவதற்கும் கைகழுவுவதற்கும் நடுவே நிறைய தூரம் இருக்கிறது. அதை எனக்குக் காட்டியவர் ஒரு பெரியவர்.

எழுபதைத் தாண்டியவர், தறியை விட்டு ரொம்ப நாளாகிறது. முதுகில் ஆபரேஷன் ஆன பிறகும் காலில் மின்சாரம் பாய்வது போன்ற நரம்பு வலி போகவில்லை. டிரமடாலும் பாரசிட்டமாலும் சேர்ந்த மாத்திரை, ராத்திரிக்கு நரம்பு வலிக்கான ப்ரீகாபலின் என்று வருஷக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்தது. எழுதிக்கொண்டிருந்த டாக்டர், தன் மகன் வீட்டோடு இருக்க வெளியூர் போய்விட்டார். பெரியவர் புதிதாகப் பார்த்த டாக்டர் இரண்டையும் அடித்துவிட்டுச் சத்து மாத்திரையும் தடவுகிற ஜெல்லும் எழுதி அனுப்பினார். பெரியவர் காதில் விழுந்தது ஒரே ஒரு வரி: "இது போதை மாத்திரைங்க, இதை நான் எழுத மாட்டேன்."

அடுத்த தடவை கடைக்கு அவர் மகனோடு வந்தபோது வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது. கை நடுக்கம், ராத்திரித் தூக்கமில்லை, வயிற்றுப்போக்கு வேறு. மகன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அப்பா இதுக்கு அடிமை ஆயிட்டாருங்களா?" என்று கேட்டார். அவர் முகத்தில் இருந்தது அவமானம். குடிக்கிற அப்பனைப் பற்றிச் சொல்லக் கூசுகிற மகனைப் போல நின்றார். இந்த மாத்திரையைத் தினமும் சாப்பிட்டுப் பழகிய உடம்பிலிருந்து ஒரே நாளில் பிடுங்கினால் யாருக்கும் இப்படித்தான் ஆகும், ப்ரீகாபலினையும் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும், இதில் அவர் குணத்தைச் சொல்ல ஒன்றுமில்லை என்றேன். பெரியவர் பெஞ்சில் உட்கார்ந்து இதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

சரி, டாக்டரிடம் பேசலாம் என்று போன் செய்தேன். மெடிக்கலிலிருந்து போன் என்றாலே பல டாக்டர்களுக்கு எரிச்சல் வரும். "அந்தக் கம்பெனி இல்லை, வேற குடுக்கட்டுங்களா சார்" என்று கேட்கத்தான் நாங்கள் கூப்பிடுவோம் என்று அவர்களுக்குப் பழக்கம். அதனால் மாத்திரை வேண்டும் என்ற பேச்சையே எடுக்கவில்லை. ரிஜிஸ்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எந்தத் தேதியிலிருந்து, மாதம் எத்தனை மாத்திரை, ஒரு தடவைகூடக் கெடுவுக்கு முன்னால் வந்து கேட்டதில்லை, இப்போது உடம்பில் என்னென்ன தெரிகிறது என்று வரிசையாகச் சொன்னேன். கடைசியில், "நிறுத்தறதுன்னா எப்படிக் குறைக்கறதுன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க சார், அதன்படி குடுக்கறேன்" என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் அவர் சொன்னதுதான் எனக்குப் புதுசு. "என்னம்மா, அந்த ஐயா ராத்திரி பாத்ரூம் போறப்ப ரெண்டு தடவை விழுந்திருக்காரு. இந்த வயசுல இந்த ரெண்டு மாத்திரையும் சேர்ந்தா தலைசுத்தல், மயக்கம், மூச்சு மந்தமாகறது எல்லாம் வரும். இடுப்பெலும்பு ஒடைஞ்சா யாரு பாக்கறது?" அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. மாத்திரையை நிறுத்த நினைத்ததற்கு அருமையான காரணம் அவர் கையில் இருந்திருக்கிறது. அதைப் பெரியவரிடமும் சொல்லவில்லை, மகனிடமும் சொல்லவில்லை. வெளியே நாற்பது பேர் டோக்கனோடு காத்திருக்கும்போது "போதை மாத்திரை" என்று சொல்லிவிடுவது சுலபம். விளக்கம் கேட்டு யாரும் திரும்பி வர மாட்டார்கள்.

அன்றைக்குச் சாயங்காலமே மகன் போய் வந்தார். சீட்டில் வாரக்கணக்கில் குறைக்கிற விவரம் இருந்தது. கூடவே பிசியோதெரபிக்கும் எழுதியிருந்தார். பெரியவருக்கு வலி முழுசாகப் போய்விடவில்லை, போகவும் போகாது. இப்போது குறைந்த அளவு ப்ரீகாபலின் மட்டும் சாப்பிடுகிறார். ஏன் குறைத்தார்கள் என்று தெரிந்த பிறகு அவர் ஒரு தடவைகூட என்னிடம் கூடுதலாகக் கேட்கவில்லை.

இந்தக் காரணம் கடைசி வரை தெரியாமல் போகிறவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். வேறு ஏதாவது கடையில் போய் "செட்டு" வாங்குகிறார்கள். பொட்டலத்தில் நாலைந்து உதிரி மாத்திரை, பெயரும் இருக்காது, தேதியும் இருக்காது. அதில் பெரும்பாலும் டைக்ளோபினாக் என்கிற வலி மாத்திரை ஒன்று இருக்கும், பல நேரம் ஒரு ஸ்டீராய்டும் இருக்கும். சாப்பிட்ட அன்றைக்கு அருமையாக இருக்கும். மாசக்கணக்கில் சாப்பிட்டால் வயிற்றில் புண், ஏறுகிற சர்க்கரை, கெடுகிற கிட்னி. ரிஜிஸ்டரில் பேர் ஏறுகிற மாத்திரையை மறுத்துவிட்டோம் என்று டாக்டர் நிம்மதியாக இருப்பார். எந்த ரிஜிஸ்டரிலும் ஏறாத மாத்திரை அந்த ஆளின் வயிற்றுக்குள் போய்க்கொண்டிருக்கும்.

அதனால் மறுக்கப்பட்டு வருகிறவர்களிடம் நான் சில விஷயம் சொல்லித்தான் அனுப்புகிறேன். பழைய சீட்டு, ஆபரேஷன் ரிப்போர்ட், காலி அட்டை எல்லாவற்றையும் ஒரே பையில் எடுத்துப் போங்கள். மூன்று டாக்டரிடம் மாறி மாறிப் போகாமல் ஒருவரிடமே இருங்கள்; இரண்டு இடத்தில் வாங்குகிறீர்கள் என்று ஒரு தடவை சந்தேகம் வந்துவிட்டால் அப்புறம் ஒருத்தரும் எழுத மாட்டார்கள். "வலி தாங்கல" என்பதை எல்லாரும் சொல்வார்கள். அதைவிட, மாத்திரை போட்டால் எவ்வளவு நேரம் நிற்க முடிகிறது, போடாவிட்டால் என்ன செய்ய முடியவில்லை என்று சொல்லுங்கள். எழுத மாட்டேன் என்றால் வாக்குவாதம் வேண்டாம், "அப்போ எப்படிங்க சார் நிறுத்தறது, வலிக்கு வேற என்ன பண்றது?" என்று இரண்டு கேள்வியை மட்டும் கேட்டுவிட்டு வாருங்கள். வெளியே நடக்க முடியாதவர்களாக இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மக்களைத் தேடி மருத்துவத்தில் பதிந்துவைக்கச் சொல்கிறேன். வீட்டுக்கே பிரஷர் மாத்திரை தருகிற திட்டம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அதில் பிசியோதெரபியும் வலி தணிக்கும் சிகிச்சையும்கூட உண்டு.

அந்த டாக்டர் இப்போது சீட்டின் அடியில் "3 மாதம் கொடுக்கலாம்" என்றோ "குறைத்து நிறுத்தவும்" என்றோ எழுதிவிடுகிறார். எல்லா டாக்டரும் எழுதுவதில்லை. எழுதாத சீட்டு வந்தால், கூட்டமாக இருந்தாலும் ஆளை உட்கார வைத்துவிட்டு கிளினிக் நம்பருக்குப் போடுகிறேன். பாதி நேரம் எடுக்க மாட்டார்கள்.